மாமனாரின் இருமலும் ஒரு கிலோ தேனும்

மாமனார் இரண்டாவது முறை இருமியதுமே மாஸ்டர் நாற்காலியை விட்டு எழுந்து, சமையலறை அலமாரியில் தேன் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. நீங்க உக்காருங்க," என்றார் மாமனார் கூடத்திலிருந்து.

"ஒண்ணும் இல்லன்னு விட்டா அது ரெண்டாகும் மாமா. நீங்க கவலையே படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

'நான் பாத்துக்கறேன்' என்பது மாஸ்டர் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வாக்கியம். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து நடுங்குகிறவர்களிடம் பதினெட்டு வருடங்களாக இதைத்தான் சொல்லிவருகிறார். பயிற்சிப் பள்ளியில் எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டு, தெருவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மனைவி மட்டும் 'ஏங்க' என்பாள்.

அந்த மனைவி நூலகத்தில் வேலை பார்ப்பவள். அன்று காலைதான் எட்டு நாள் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பினாள். லிஃப்ட் வரும்வரை கணவனிடம் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அப்பா தனியா இருந்தது போதும். இங்கயே வந்துடுங்கன்னு மூணு வருஷமா கெஞ்சறேன். இப்பதான் 'எட்டு நாள் இருந்து பாக்கறேன்'னு வந்திருக்கார். நான் திரும்பி வரும்போது அவர் 'இங்கயே இருக்கேன்'னு சொல்லணும். கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்ககிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல."

"போன வருஷம் ஃப்ரிட்ஜ் கேட்டியே."

"ஏங்க."

"சரி சரி. நான் பாத்துக்கறேன்."

மாமனார் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். ஊரார் பேச்சையெல்லாம் எழுதி எழுதியே, தன் பேச்சுக்கு நேரம் கிடைக்காமல் ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். ஜன்னலோரம் உட்கார்ந்து நாளிதழை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிப்பார். அது முடிந்ததும் பென்சிலைச் சீவிக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டியில் இறங்குவார்.

இதைப் பார்த்த மாஸ்டருக்கு மனசு உருகிவிட்டது. பாவம், மனுஷன் பேச்சுத் துணைக்கு ஏங்கிக் கிடக்கிறார் என்று முடிவு கட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணியிலிருந்து மாமனாருக்கு எதிரே நாற்காலியைப் போட்டுத் துணையாகப் பேசிக்கொண்டிருந்தார். கிளட்ச் பற்றிப் பேசி முடித்து, கியருக்கு வந்தபோதுதான் முதல் இருமல் வந்தது.

தேன் பாட்டில் கிடைத்தது. வெந்நீரில் ஒரு கரண்டி கலக்கிக் கொண்டுவந்து நீட்டினார்.

"சர்க்கரை நோய் எதுவும் இல்லையே மாமா உங்களுக்கு?"

"இல்ல. போன மாசம்தான் பாத்தேன்."

"அப்ப தைரியமா குடிங்க. தேன்ங்கறது லேசுப்பட்ட விஷயம் இல்ல. தொண்டைக்கு நல்லது, நெஞ்சுக்கு நல்லது, வயித்துக்கு நல்லது. ராத்திரி குடிச்சா தூக்கம் வரும். காலையில குடிச்சா சுறுசுறுப்பு வரும்."

"ரெண்டும் எப்படி..."

"அதுதான் தேன். அதுக்கு மணி பாக்கத் தெரியும். பழைய காலத்துல ராஜாவெல்லாம் சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி என்ன குடிச்சான்னு நினைக்கறீங்க?"

மாமனார் அதை நினைக்கவில்லை. க்கும், க்கும் என்று இருமினார்.

"பாத்தீங்களா, உள்ள போனதும் வேலையை ஆரம்பிச்சுடுச்சு. சளி இளகுது," என்றார் மாஸ்டர், திருப்தியாக.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு கரண்டி கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். மாலை ஆறு மணிக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் விசாரித்தார்.

"பகல்ல இருமல் இருந்துச்சா மாமா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல."

மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தேன் உடம்புக்குள் எந்தெந்த வழியாகப் போகிறது என்பதை ஒருவழிப்பாதை, வட்டச் சாலை, மேம்பாலம் எல்லாவற்றையும் வைத்து விளக்கினார். மேம்பாலம் ஏறும்போது மாமனார் இருமினார்.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி பத்து நிமிடம். பயிற்சிப் பள்ளியில் கொடுத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டார்: 'காலை 7 மணி, ஒரு கரண்டி. மாலை 6.10, வீரியம் தீர்ந்தது.'

"ஒரு கரண்டி சரியா பதினோரு மணி நேரம் தாங்குது மாமா. இனிமே சாயங்காலமும் ஒண்ணு. கணக்கு சரியாயிடும்."

சாயங்காலமும் ஒன்று கொடுத்தார். கணக்கு சரியாகவில்லை. எட்டு மணிக்குள் ஆறு தடவை இருமல். செவ்வாய்க்கிழமை மூன்று கரண்டி. ஒன்பது தடவை இருமல். அன்று மாலையே மாமனாரை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

"எப்ப எப்ப இருமல் வருது?" என்று டாக்டர் மாமனாரிடம் கேட்டார்.

"சாயங்காலம் ஆறுலேர்ந்து," என்றார் மாஸ்டர்.

"நான் அவரைக் கேட்டேன்."

"அவருக்குக் கூச்சம் டாக்டர். வாயே திறக்க மாட்டார். நான்தான் கணக்கு வச்சிருக்கேன்." நோட்டைப் பிரித்து ஞாயிறிலிருந்து படித்தார். படித்து முடித்துவிட்டு, டாக்டர்கள் கவனிக்கத் தவறிய தேனின் நன்மைகள் சிலவற்றையும் எடுத்துச் சொன்னார். மாமனார் இருமினார். டாக்டர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்தார், முதுகில் வைத்துப் பார்த்தார், வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்தார்.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. தொண்டையும் நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

வெளியே வந்ததும் மாஸ்டர் மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கேட்டீங்களா மாமா? ரெண்டே நாள்ல நெஞ்சையும் தொண்டையையும் சுத்தம் பண்ணிடுச்சு. பாக்கி இருமல் மட்டும்தான்."

கடைத் தேனே இவ்வளவு செய்யுமென்றால் அசல் தேன் என்னவெல்லாம் செய்யும்? புதன்கிழமை மாஸ்டர் அதைச் செயலில் இறக்கினார். தேனீ வளர்க்கும் ஆள் ஒருவர் அவரிடம் முன்பு கார் பழகியவர். போன் போட்டதும், அடையோடு ஒரு கிலோ எடுத்துத் தருவதாகச் சொன்னார். வழியில் காத்திருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்தார். பெட்டி லேசாக இருந்தது. தேனெடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று மாஸ்டர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

அன்று அவரிடம் கார் பழகிய தையல்கடைக்கார அம்மாவுக்கு ஓட்டுநர் தேர்வு. மைதானம்வரை அவர்தான் ஓட்டிவந்தார். மாஸ்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து, வரிசையில் நிற்கப் போகும்போது இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தேர்வு அதிகாரி வந்தபோது, மாஸ்டர் ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துப் பின்னிருக்கையில் வைத்தார். பெட்டி முன்பைவிட லேசாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை. அதிகாரி முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

தையல்கடைக்கார அம்மா எட்டு போட்டார், பின்னால் எடுத்தார், மேட்டில் நிறுத்திக் கிளப்பினார். எல்லாம் கச்சிதம். அதிகாரி தலையசைத்துவிட்டு இறங்கப் போனார். இறங்க முடியவில்லை. இன்னொரு முறை முயன்றார். இந்த முறை அவரோடு சீட் கவரும் எழுந்தது.

"என்னய்யா இது?"

"தேன் சார்," என்றார் மாஸ்டர். "அசல் தேன், மெழுகோட. பயப்படாதீங்க, இடுப்பு வலிக்குக்கூட ரொம்ப..."

"சார், அசையாதீங்க," என்றார் தையல்கடைக்கார அம்மா. கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். இருபது வருட அனுபவம் உள்ள கண்ணால் பின்பக்கத்தை ஒரு தடவை அளந்தார். "இதைப் பிரிக்க முடியாது. கவரைத்தான் சுத்தி வெட்டணும்."

வெட்டினார்கள். அதிகாரி பின்பக்கம் ஒட்டிய பூப்போட்ட துணியோடு நின்று கையெழுத்துப் போட்டார். தையல்கடைக்கார அம்மா தேர்ச்சி. கார் தோல்வி. இருக்கையை மாற்றி, வண்டியைக் கழுவிக் காட்டும்வரை அதைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் வீட்டுல இருங்க மாஸ்டர்," என்றார் பள்ளி முதலாளி. வேறெதுவும் சொல்லாமல் அவர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டது நன்றாகத் தெரிந்தது.

மாஸ்டர் மனம் தளரவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த அடையை ஒரு கிண்ணத்தில் வழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"நல்லதுக்குத்தான் மாமா. இனி நாலு நாள் நான் வீட்டுலயேதான். காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் உங்க பக்கத்துலயே இருப்பேன்."

மாமனார் கையிலிருந்த பென்சில் முனை ஒடிந்தது.

வியாழக்கிழமை அந்த வீடு கண்ட இருமலை அதுவரை எந்த வீடும் கண்டிருக்காது. காலை ஏழரைக்கே தொடங்கிவிட்டது. மாஸ்டர் விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து தேனின் பெருமைகளைச் சொல்லி நம்பிக்கையூட்டினார். பாதி குணம் நம்பிக்கையில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி. மதியத்துக்குள் நோட்டில் பதினான்கு கோடு விழுந்தது.

"அசல் தேன் அப்படித்தான் மாமா. உள்ளே இருக்கறதை எல்லாம் கிளப்பிவிட்டுத்தான் அடக்கும்."

"மாப்பிள்ளை, நான் கொஞ்சம் படிக்கலாமா?"

"தாராளமா படிங்க. நான் படிச்சுக் காட்டறேன், கண்ணுக்கு எதுக்குச் சிரமம்?"

மூன்று மணிக்கு எறும்புகள் வந்தன. சமையலறை ஜன்னல் வழியாக ஏறி, மேடையைக் கடந்து, கிண்ணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டம் கூடின. மாஸ்டர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்து மேசையில் வைத்தார். எறும்புகள் கூடத்துக்கு வந்தன. புத்தக அலமாரியின் மேல் வைத்தார். அங்கும் வந்தன. எட்டாத உயரம் என்று மாமனார் அறையில் இருந்த பரண்மேல் வைத்தார். கிண்ணம் அங்கே பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் விளிம்பிலிருந்து வழிந்த தேன் நேராக மாமனார் கட்டிலில் சொட்டியது. எறும்புகள் கட்டிலுக்கும் வந்தன. மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்த மாமனார், அந்த வயதில் எவரும் எழாத வேகத்தில் எழுந்தார்.

"கடிச்சுடுச்சா மாமா? தேன் தடவட்டுமா? கடிக்கு ரொம்ப..."

"வேண்டாம்," என்றார் மாமனார். இருமல்கூட வரவில்லை. அவ்வளவு வேகமாக வந்தது அந்த வார்த்தை.

"நீங்க கூடத்துல இருங்க. நான் பாத்துக்கறேன்."

மாஸ்டர் கீழே கடைக்குப் போய்க் கால் கிலோ எறும்புப் பொடி வாங்கிவந்தார். அறைக் கதவைச் சாத்தினார். பொட்டலத்தைப் பிரித்து, கட்டிலைச் சுற்றி வரிசையாகக் கொட்டினார். அறை புழுக்கமாக இருந்தது. அதனால் ஃபேனைப் போட்டார்.

ஐந்து நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. தலைமுதல் கால்வரை வெள்ளையாக ஒரு மனிதர் வெளியே வந்தார். மாமனார் அடையாளம் கண்டுகொள்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முகம் கழுவி, தலை துவட்டி மாஸ்டர் திரும்பியபோது கூடத்தில் மாமனாரின் பெட்டி தயாராக நின்றது. அதன் மேல் நாளிதழ் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"நாளைக்குக் காலையில நான் கிளம்பறேன் மாப்பிள்ளை. தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க அன்புக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் தனியா இருந்தே பழகிப்போச்சு."

மாஸ்டர் பெட்டியைப் பார்த்தார். அவர் எத்தனையோ பேரை மேட்டிலிருந்து பின்னால் உருளும் காரில் கைவிடாமல் காப்பாற்றியவர். ஆனால் காலடியில் இப்போது பிரேக் இல்லை. 'கல்யாணம் ஆனதிலேர்ந்து உங்ககிட்ட நான் வேற எதுவும் கேட்டதில்ல' என்று மனைவி சொன்னது காதில் கேட்டது. மாமனார் மேல் அவருக்கு உண்மையிலேயே பாசம். தன் அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்தவர். இந்த எட்டு நாளை அவர் மனைவிக்காக மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை.

காலையில் எழுந்ததும் மாமனாரிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்வது என்று முடிவு செய்தார். சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தியும் வைத்துக்கொண்டார். மொத்தம் பன்னிரண்டு காரணங்கள்.

வெள்ளிக்கிழமை காலை மாமனார் பெட்டியோடு வாசலில் நின்றார். மாஸ்டர் அவர் எதிரே வந்து நின்று வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தார். கதவுக் கீல் கிறீச்சிடுவது மாதிரி ஒரு சத்தம் வந்து, அதுவும் நின்றது.

"என்ன ஆச்சு?" என்றார் மாமனார்.

மாஸ்டர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். அறையைக் காட்டினார். ஃபேன் சுற்றுவதை விரலால் சுற்றிக் காட்டினார். கண் கலங்கிவிட்டது.

மாமனார் பெட்டியைக் கீழே வைத்தார். "வாங்க, டாக்டர்கிட்ட போகலாம்."

டாக்டர் தொண்டையைப் பார்த்தார். "பொடி பட்டு வீங்கியிருக்கு. பயப்பட ஒண்ணும் இல்ல. மருந்து எழுதறேன். மூணு நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது."

"அஞ்சு நாளா வச்சுக்கலாமே டாக்டர்," என்றார் மாமனார். "ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

டாக்டர் மாமனாரைப் பார்த்தார். மாஸ்டரைப் பார்த்தார். சீட்டில் மூன்றை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதினார்.

இந்த நிலையில் மாப்பிள்ளையைத் தனியே விட்டுவிட்டுப் போவது முறையில்லை என்று மாமனார் பெட்டியை உள்ளே கொண்டுபோய் வைத்தார். அறையைத் துடைத்தார். எறும்புகளை வெந்நீர் ஊற்றி அனுப்பினார். மாப்பிள்ளைக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை மாஸ்டரால் நம்ப முடியவில்லை. வெள்ளிக்கிழமை பகல் முழுக்க மாமனார் ஒரு தடவைகூட இருமவில்லை. மாலை ஆறு பத்துக்கு மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். இருமல் வரவில்லை. நோட்டை எடுத்து எழுதினார்: 'அசல் தேன் பிடித்துவிட்டது.'

சனிக்கிழமை மாமனார் தானாகவே பேச ஆரம்பித்தார். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி கூண்டில் தூங்கிவிட்டதைச் சொன்னார். மாமியாரைப் பெண் பார்க்கப் போன அன்று செருப்பு அறுந்துபோனதைச் சொன்னார். இத்தனை வேடிக்கையான மனிதர் என்று மாஸ்டருக்குத் தெரியாது. குரல் இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு இருவரும் நாற்காலிகளை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டார்கள்.

"'சம்மதத்துக்கு அறிகுறி.' மூணெழுத்து," என்றார் மாமனார்.

மாஸ்டர் பென்சிலை வாங்கி 'மௌனம்' என்று எழுதினார்.

"பரவாயில்லையே, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கே," என்று மாமனார் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மனைவி வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "என்னப்பா, என்ன முடிவு பண்ணீங்க?"

"இங்கயே இருக்கேம்மா. மாப்பிள்ளை மாதிரி ஒரு நல்ல துணை எனக்கு வேற எங்க கிடைக்கும்? ரெண்டு நாளா மனசுக்கு அவ்வளவு நிம்மதி."

மனைவிக்குத் தொண்டை அடைத்தது. மாஸ்டருக்கு ஏற்கெனவே அடைத்திருந்தது. அவர் நோட்டை நீட்டினார். ஞாயிறு முதல் வெள்ளிவரை கரண்டியும் இருமலும் தேதிவாரியாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் ஒரே வார்த்தை, இரண்டு அடிக்கோட்டோடு: 'தேன்.'

"நிஜமாவே பாத்துக்கிட்டீங்க," என்றாள் மனைவி.

திங்கள்கிழமை மாலை மாமனாரின் பழைய சிநேகிதர் ஒருவர் செய்தி கேட்டுப் பார்க்க வந்தார். வக்கீல் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, பெருமையாகச் சொன்னாள்: "அப்பாவுக்கு விடாத இருமல் அங்கிள். இவர்தான் தேன் கொடுத்தே சரி பண்ணினார்." மாஸ்டர் அடக்கமாகத் தலை குனிந்தார். தேனின் நன்மைகளைத் தாளில் எழுதி அவரிடம் நீட்டினார். வக்கீல் வாங்கிப் படித்தார்.

பிறகு வக்கீல் பேச ஆரம்பித்தார். ஒரு மதில் சுவர் வழக்கு. சுவர் யாருடையது என்பதற்கு முன்னால், செங்கல் எங்கே வாங்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்கினார். பத்து நிமிடம் ஆயிற்று. செங்கல் இன்னும் வண்டியில்தான் வந்துகொண்டிருந்தது.

க்கும், க்கும் என்றார் மாமனார்.

மாஸ்டர் துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினார். ஒரு கையில் தேன் பாட்டிலும் மறு கையில் கரண்டியுமாகத் திரும்பி வந்தபோது, வக்கீல் பேச்சைப் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, சிரித்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"பாட்டிலைக் கீழ வைங்க தம்பி," என்றார் அவர். "கோர்ட்ல 'பேசினது போதும்'னு சொல்ற அதிகாரம் உங்க மாமாவுக்குக் கிடையாது, அதனால முப்பத்தஞ்சு வருஷமா எங்களுக்கு இப்படி இருமித்தான் சொல்லுவார். எதிர்ல பேசறவன் வாயை மூடினா அடுத்த நிமிஷமே குணமாயிடும்."